கையைத் தூக்காதடி!

என் தங்கையை இன்று மாநிலமே அழகி என்று கொண்டாடுகிறது. நன்றாகக் கொண்டாடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பத்திரிகைக்காரர்கள் வீடு தேடி வந்து, "உங்க தங்கச்சியோட அழகுக்கு என்ன ரகசியம்?" என்று என்னைக் கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரகசியமாவது மண்ணாங்கட்டியாவது! எங்கள் அப்பா டயர் கடை வைத்திருக்கிறார். அவள் சின்ன வயதிலிருந்து டயர் உருட்டினாள், டயர் தூக்கினாள், பஞ்சர் ஒட்டினாள். தோள் நிமிர்ந்திருக்கிறதென்றால் அது டயர் செய்த வேலை. முகம் பளபளக்கிறதென்றால் அது கிரீஸைக் கழுவித் தேய்த்த சோப்பு செய்த வேலை. இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். அவர்களோ பால், தேன் என்று வாய்க்கு வந்ததை எழுதிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் அவளுக்கு நெட்டை என்று பெயர். நான்தான் மூத்தவள். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால், "இவ உன் தங்கச்சியா?" என்று என்னைக் காட்டி அவளைக் கேட்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறதென்று ஊரே சொல்கிறதே, அது அங்கேதான் தொடங்கியது.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். பேருந்து ஓட்டுகிறவளுக்கு நேரம்தான் எல்லாம். டிப்போவில் நேரம் குறிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். கொஞ்சம் தாமதமாக வண்டியைக் கொண்டுவந்தால் ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டிவிடலாம். என் வழித்தடம் எங்கள் கடையைத் தாண்டித்தான் போகிறது. கடைக்கு நேர் எதிரே ஒரு தொடக்கப் பள்ளி. நடுவில் அகலமான சாலை. காலையில் அந்தச் சாலையில் லாரியும் வேனும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும். நானும் பறப்பேன். இல்லையென்று சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் நெட்டை கடை வாசலில் உட்கார்ந்து, டியூபைத் தண்ணீரில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாலையோரமாக ஒரு சின்னப் பெண் நின்றாள். முன்பல் இரண்டும் விழுந்த வாய், முதுகை மறைக்கும் பை. ஒரு காலைச் சாலையில் வைப்பாள். ஹாரன் அடித்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். மறுபடி வைப்பாள், மறுபடி இழுப்பாள். எதிரே பள்ளி மணி அடித்து ஓய்ந்துவிட்டது. பெண் இன்னும் இந்தப் பக்கமே நின்றாள்.

"ஏன் பாப்பா, வீட்லேர்ந்து கொஞ்சம் சீக்கிரம் கிளம்பக் கூடாதா?" என்று நெட்டை கேட்டிருக்கிறாள்.

"சீக்கிரமாதான் வந்தேன். இங்கயேதான் நிக்கிறேன். தினமும் லேட்டுனு டீச்சர் வெளியே நிக்க வெக்கிறாங்க."

நெட்டைக்கு மனசு தாங்கவில்லை. டியூபை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு, அந்த ஓட்டைப்பல் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். அன்று சாயங்காலம் தேய்ந்துபோன சைக்கிள் டயர் ஒன்றை எடுத்துச் சிவப்பு பெயிண்ட் அடித்தாள். "எதுக்குடி?" என்று அம்மா கேட்டதற்கு, "நாளைக்குத் தெரியும்" என்றாள்.

மறுநாள் தெரிந்தது. எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பேருந்து நிறையக் கூட்டம், நான் வேகமாக வந்துகொண்டிருக்கிறேன், திடீரென்று சாலை நடுவில் ஒரு நெட்டை உருவம். இடது கையில் சிவப்பு டயரை உயர்த்திப் பிடித்திருக்கிறது. வலது உள்ளங்கை நேராக என் கண்ணாடியைப் பார்த்து விரிந்திருக்கிறது. நான் அடித்த பிரேக்கில் உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"வழி விடுடி! உனக்கென்ன பைத்தியமா?" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"புள்ளைங்க போகட்டும்."

"நான் உன் அக்காடி!"

"அதனாலதான் உன் வண்டியா பாத்துக் குறுக்க வந்தேன். வேற டிரைவரா இருந்தா யோசிச்சிருப்பேன்" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசிப் பிள்ளை கடக்கும்வரை காத்திருந்தேன். அது எனக்கு அடிக்கடி நடக்கிற விஷயமல்ல.

அதன்பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் அவள் டயரோடு நிற்பாள். பிள்ளைகள் அவளுக்கு டயரக்கா என்று பெயர் வைத்தார்கள். அவர்களுக்கு அவள் ஒரே ஒரு பாடம்தான் நடத்தினாள். "வண்டி நின்னுடுச்சேன்னு இறங்கக் கூடாது. நின்ன வண்டி கிளம்பும், இல்லைன்னா பின்னாடி வர்றவன் முந்துவான். என் கை உயர்ந்தாதான் இறங்கணும். கையைக் கோத்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் பாத்து, நேரா நடக்கணும்." பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். வகுப்பில் எந்தப் பாடம் ஏறியதோ இல்லையோ, இது ரத்தத்தில் ஏறிவிட்டது. கடந்து முடித்ததும் எல்லாரும் ஒரே குரலில், "தேங்க்ஸ்க்கா!" என்பார்கள். அவள், "பாத்துப் போங்க!" என்பாள். நான் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வாய்க்குள் திட்டுவேன். அந்த முறைக்கும் பார்வை எனக்காக டிப்போவில் காத்திருக்கும்.

ஆனால் ஒருத்தி எத்தனை நாள் சாலையில் நிற்க முடியும்? காய்ச்சல் வந்தால்? கடையில் லாரி டயர் வந்து நின்றால்? அவள் இல்லாத நாட்களில் அம்மா அந்தச் சிவப்பு டயரைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். அம்மா என்னைவிடக் குட்டை. டயர்தான் கண்ணுக்குத் தெரியும், அம்மா தெரியமாட்டாள். டயரைப் பார்த்ததும் பிள்ளைகள் கிளம்புவார்கள், அதுவரை சரி. ஆனால் லாரிக்காரர்கள் அம்மாவைப் பார்க்காமல் ஒருநாள் உரசிக்கொண்டு போனார்கள். அன்று நெட்டை, "இங்க ஒரு சிக்னல் விளக்கு வந்தே ஆகணும்" என்று கிளம்பினாள்.

சாலைத் துறை அலுவலகத்தில் இன்று வா, நாளை வா என்று அலைய விட்டார்கள். அங்கே ஒரு பொறியாளர் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. "கையில இருக்கறது ஒரே ஒரு சிக்னல்மா. அதைச் சந்தை முனைல வைக்கச் சொல்லி வியாபாரிங்க உக்காந்திருக்காங்க. மேலேர்ந்து யாராவது சொன்னா உங்க பக்கம் கொண்டு வரலாம்" என்றார்.

மேலே யார் இருக்கிறார்கள் நமக்கு? எங்கள் வீட்டில் மேலே இருந்தது ஒழுகும் தகரக் கூரை மட்டும்தான்.

அப்போதுதான் என் பேருந்தின் பின்பக்கமே ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். மாநில அழகிப் போட்டி. வெற்றி பெறுகிறவர் தேர்ந்தெடுக்கும் ஒரு சமூக சேவைப் பணியை அரசே ஏற்று நடத்தும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. பெரிய எழுத்தைப் படிக்காமல் பொடி எழுத்தை மட்டும் படிக்கிற ஒரே ஆள் எங்கள் நெட்டைதான். ராத்திரி சாப்பிடும்போது, "நான் அழகிப் போட்டிக்குப் போறேன்" என்றாள்.

அப்பாவுக்குப் புரை ஏறியது. அம்மா, "நகத்துல இருக்கற கிரீஸை முதல்ல எடு" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குக் கிரீடமெல்லாம் வேணாம்க்கா. விளக்குதான் வேணும்" என்றாள்.

பிறகு நான் என்ன செய்வது? கூடப் பிறந்துவிட்டேனே! இரவல் ஹை ஹீல்ஸ் ஒன்று வாங்கி வந்தேன். டிப்போவிலிருந்து காலியாக வண்டியை எடுத்துப் போகும் நேரத்தில் அவளை ஏற்றிக்கொண்டு, இருக்கைகளுக்கு நடுவில் நடக்க வைத்தேன். வளைவில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். முதல் வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். பிறகு கம்பியைத் தொடாமல் நடந்தாள். ஓடுகிற பேருந்தில் ஹீல்ஸ் போட்டு நடக்கிறவளுக்கு அசையாமல் நிற்கும் மேடை என்ன பிரமாதம்?

நடை வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. கை அசைப்பதுதான் வரவில்லை. அழகிகள் கையை மெதுவாக, மணிக்கட்டிலிருந்து, ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அசைக்க வேண்டுமாம். இவளுக்குக் கை மேலே போனால் அப்படியே விறைத்து நிற்கும். "அசைடி!" என்று நான் கத்துவேன். அசைப்பாள். அடுத்த தடவை மறுபடி விறைக்கும். பழக்க தோஷம்.

ஒவ்வொரு சுற்றாகத் தாண்டினாள். எப்படித் தாண்டினாள் என்று எனக்கே புரியவில்லை. கடைசிச் சுற்றுக்குப் பெரிய அரங்கம். பள்ளித் தலைமையாசிரியை பிள்ளைகளையெல்லாம் கூட்டி வந்து முன்பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார். அப்பா எங்கேயோ இரவல் வாங்கிய கோட்டுக்குள் காணாமல் போயிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இசைக் குழு முழங்குகிறது. வண்ண விளக்குகள் சுற்றுகின்றன. போட்டியாளர்கள் வரிசையாக வருகிறார்கள். நெட்டை வந்தாள். நீலக் கவுனில் என் தங்கை அழகாகத்தான் இருந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். மேடையின் விளிம்புக்கு வந்தாள். முகத்தில் நேராக ஒரு பெரிய விளக்கு அடித்தது, லாரி ஹெட்லைட் மாதிரி.

அவ்வளவுதான். அவள் வலது கை மேலே போனது. உள்ளங்கை விரிந்தது. அசையவில்லை. அப்படியே நின்றது.

அந்தக் கையை நான் தினமும் பார்த்தவள். யாராலும் அதை மீற முடியாது. டிரம் அடிக்கிறவர் குச்சியை அந்தரத்தில் நிறுத்தினார். குழலூதுகிறவர் பாதி மூச்சில் நின்றார். விளக்குகள் சுற்றுவதை நிறுத்தின. பின்னால் வந்துகொண்டிருந்த போட்டியாளர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தனை பெரிய அரங்கத்தில் ஈ பறந்தால் கேட்கும். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அதற்கு மேலும் ஒரு கூத்து நடந்தது. முன்வரிசையில் ஓட்டைப்பல் எழுந்தாள். பக்கத்துப் பிள்ளையின் கையைக் கோத்தாள். அது அடுத்ததன் கையைக் கோத்தது. வலது பக்கம் பார்த்தார்கள், இடது பக்கம் பார்த்தார்கள். அரங்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நடுவர்களின் மேசைக்கு முன்னால், பள்ளிக்கூடம் மொத்தமும் வரிசையாகக் கடந்து போனது. ஒரு நடுவர் அம்மா வழியில் நீட்டியிருந்த காலை அவசரமாக இழுத்துக்கொண்டார். கடைசிக் குழந்தை கடந்து முடித்ததும் எல்லாருமாக மேடையைப் பார்த்துக் கத்தினார்கள்: "தேங்க்ஸ்க்கா!"

"பாத்துப் போங்க!" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கையைக் கீழே போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அரங்கம் சிரித்த சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். காலை இழுத்துக்கொண்ட நடுவர் அம்மா மைக்கை வாங்கி, "இது என்னம்மா?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த பதில்கள் நெட்டையிடம் நிறைய இருந்தன. ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "எங்க ஸ்கூல் முன்னாடி ரோட்ல புள்ளைங்களைக் கடக்க விடுவேங்க. கை தானா அப்படிப் போயிடுச்சு. மன்னிச்சிடுங்க. எங்களுக்கு அங்க ஒரு சிக்னல் விளக்கு வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

கிரீடத்தை அவள் தலையில் வைத்தபோது அப்பா அழுதார், அம்மா அழுதாள், நான் விசில் அடித்தேன்.

சொன்னபடி அரசு சிக்னலை ஒதுக்கியது. ஆனால் சந்தை வியாபாரிகள் விடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு விளக்கு எதற்கு, யார் பார்த்து நடக்கப் போகிறார்கள் என்று மனு கொடுத்தார்கள். கடைசியில் பொறியாளர் நடுவில் ஒரு வழி சொன்னார். முதலில் பள்ளி வாசலில் வைத்துப் பார்ப்பது. பிள்ளைகள் விளக்கைப் பார்த்து ஒழுங்காகக் கடந்தால் அங்கேயே நிரந்தரம், இல்லாவிட்டால் கழற்றிச் சந்தை முனைக்குக் கொண்டு போவது. "இதுல என்ன சோதனை? நம்ம புள்ளைங்க தங்கம்" என்று நெட்டை சொன்னாள். அவள் அடுத்த வாரத்திலிருந்து மாநிலம் முழுக்க ஊர் ஊராகப் போக வேண்டும். மருத்துவமனை, ஆதரவற்றோர் இல்லம், மரம் நடுவது என்று வருஷம் முழுவதும் அழகிக்கு வேலை வைத்திருந்தார்கள். இனி அவள் தினமும் சாலையில் நிற்க முடியாது. விளக்கு போய்விட்டால் ஓட்டைப்பல் மறுபடி சாலையோரத்தில் காலை வைத்து வைத்து இழுக்க வேண்டியதுதான்.

திறப்பு விழா அன்று காலை. சாலையோரத்தில் சின்ன மேடை போட்டு, அமைச்சரும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் தங்கை, கிரீடமும் தோளில் குறுக்காகப் போட்ட பட்டையும் நீலக் கவுனுமாக. பொறியாளர் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். நான் என் வண்டியோடு வழக்கமான நேரத்துக்கு வந்தேன். அமைச்சர் பொத்தானை அழுத்தினார். எனக்குச் சிவப்பு விழுந்தது. கோட்டுக்கு முன்னால் முதல் ஆளாக நிறுத்தினேன். பின்னால் லாரி, வேன் எல்லாம் நின்றன. பிள்ளைகளுக்கு எதிரே இருந்த சின்ன விளக்குப் பெட்டியில் பச்சை நிறத்தில் ஒரு மனிதன் நடந்தான்.

ஒரு பிள்ளை கூட நகரவில்லை.

கைதட்டத் தயாராக இருந்தவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பச்சை விழுந்தது. நான் நகரவில்லை, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அடிக்கட்டும். திரும்பச் சிவப்பு விழுந்தது. பச்சை மனிதன் திரும்ப நடந்தான். பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, இடித்துவைத்த புளி மாதிரி நின்றார்கள்.

"பாப்பா, வண்டிதான் நின்னுடுச்சே, போங்க!" என்று பொறியாளர் கெஞ்சினார்.

"வண்டி நின்னா இறங்கக் கூடாது" என்று ஓட்டைப்பல் அவருக்குப் பாடம் நடத்தினாள். "டயரக்கா கை தூக்கணும்."

அடிப்பாவி மகளே! எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் பாருங்கள்! சந்தை வியாபாரிகள் இரண்டு பேர் கூட்டத்தில் நின்று ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டார்கள். அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பொறியாளர் மேடைப் பக்கம் திரும்பி, பாவம் அவரும் சங்கடத்தோடுதான், "என்னம்மா செய்யறது? இப்படின்னா விளக்கு இங்க வீண்தானே?" என்றார்.

நெட்டை எழுந்தாள். ஹீல்ஸைக் கழற்றி மேடையிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு சாலையோரத்துக்கு ஓடி வந்தாள். அவளைப் பார்த்ததும் பிள்ளைகள் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, கை! அக்கா, கை!" என்று ஒரே கூச்சல். அவள் தோள் அசைந்தது. வலது கை மேலே போகத் தொடங்கியது. எனக்குத் தெரியாதா அந்தக் கையை? அது தானாகப் போகிற கை. தூக்கினால் பிள்ளைகள் உடனே கடந்துவிடுவார்கள், எல்லாரும் கைதட்டுவார்கள். விளக்கால் இங்கே ஒரு வேலையும் இல்லை என்று தெரிந்துவிடும், மறுநாளே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஹாரனை அழுத்தினேன் பாருங்கள், அந்தத் தெருவே அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்:

"கையைத் தூக்காதடி! உன் காலைப் புடிக்கிறேன், தூக்காத!"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சட்டென்று இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. தினமும் தன்னை நம்பி நிற்கிற பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், கையைக் கொடுக்க முடியவில்லை.

"அக்கா, என்ன பண்ணட்டும்?" என்று அங்கிருந்தே கேட்டாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கா யோசனை வரும்? கோபம்தான் வரும். அந்தக் கோபத்தில் கடைப் பக்கம் திரும்பினேன். ஆணியில் அந்தச் சிவப்பு டயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அம்மா நின்றபோது பிள்ளைகள் கடந்தது டயரைப் பார்த்துத்தானே!

"அம்மா! டயரு! டயரைக் கொண்டா!" என்று கத்தினேன்.

நெட்டைக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மா டயரைத் தெருவில் உருட்டிக்கொண்டே ஓடி வந்தாள். விளக்குப் பொருத்தியவர்கள் விட்டுப்போன ஏணி கம்பத்தருகே சாய்ந்திருந்தது. அப்பா அதை எதிர்ப்பக்கம் தூக்கிப்போய்ப் பிள்ளைகளுக்கான சின்ன விளக்குப் பெட்டிக்குக் கீழே நிறுத்திப் பிடித்துக்கொண்டார். நெட்டை கவுனைச் சுருட்டிச் செருகிக்கொண்டு ஏறினாள். இரண்டு படி ஏறியதும் கிரீடம் நழுவியது.

"அக்கா, இதைப் புடி!"

நான் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு கையில் ஏணியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் அவளுக்கு டயரைக் கொடுக்க வேண்டும். கிரீடத்தை எங்கே வைப்பது? என் தலையில் வைத்துக்கொண்டேன். வேறு இடம் இருந்தால் சொல்லுங்கள்.

"அரசாங்க விளக்குல டயர் மாட்டறதுக்கு விதி இல்லையேம்மா..." என்று பொறியாளர் இழுத்தார்.

"விதியில புள்ளைங்க இருக்காங்களா, இல்லையா?" என்றாள் அம்மா.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தானே ஏணியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் மேலே தள்ளி மாட்டுங்க, விளக்கு மறையக் கூடாது" என்றார். கெட்ட மனிதர் இல்லை என்று முன்பே சொன்னேனே.

சிவப்பு டயர் விளக்குப் பெட்டியைச் சுற்றிக் கச்சிதமாக உட்கார்ந்தது. நெட்டை ஏணியிலிருந்தே திரும்பி, சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க! இனிமே நான் இதுக்குள்ள இருக்கேன். டயருக்குள்ள சிவப்பு ஆள் நின்னா, நீங்களும் நில்லுங்க. பச்சை ஆள் நடந்தா, அது என் கை!"

டயருக்குள் சிவப்பு மனிதன் நின்றான். பிள்ளைகள் நின்றார்கள். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அமைச்சர் கூட எழுந்துவிட்டார். டயருக்குள் பச்சை மனிதன் வந்தான், நடந்தான்.

ஓட்டைப்பல் டயரைப் பார்த்தாள். ஏணியில் நிற்கிற அக்காவைப் பார்த்தாள். அக்காவின் இரண்டு கைகளும் ஏணியை இறுக்கிப் பிடித்திருந்தன. மறுபடி டயரைப் பார்த்தாள். பிறகு காலைச் சாலையில் வைத்தாள். இழுத்துக்கொள்ளவில்லை.

வரிசை முழுவதும் அவள் பின்னால் வந்தது. கடைசிப் பிள்ளை கடந்து முடித்ததும் எல்லாருமாகத் தலையை நிமிர்த்தி, நெட்டையை அல்ல, அந்த டயரைப் பார்த்து, "தேங்க்ஸ்க்கா!" என்றார்கள்.

ஏணியில் இருந்தவள் அழுத அழுகையும் சிரித்த சிரிப்பும் ஒன்றாக வந்தன. பொறியாளர் அங்கேயே அமைச்சரிடம், "இது இங்கயே இருக்கட்டுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அழகி ஏணியில் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். கீழே காக்கிச் சட்டையும் தலையில் கிரீடமுமாக, வாயைப் பிளந்து யாரையோ திட்டிக்கொண்டிருக்கிற குட்டைப் பெண் நான். டிப்போவில் நேரம் குறிக்கிறவர் அந்தப் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அன்று நான் வந்த தாமதத்துக்கு அவர் ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை. "வாங்க மகாராணி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பழைய பார்வையே தேவலை.

நெட்டை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறாள். போகிற இடத்திலெல்லாம் பள்ளிக்கூடங்களில் சிவப்பு டயர் கேட்கிறார்களாம். அப்பா வேலையை விட்டுவிட்டு டயருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். தினமும் போன் செய்வாள். முதல் கேள்வி அம்மா எப்படி, அப்பா எப்படி என்று இருக்காது. "இன்னிக்குக் கடந்தாங்களா?" என்பாள்.

கடக்கிறார்கள். நான் தினமும் கோட்டுக்கு முன்னால் முதல் ஆளாக நிறுத்துகிறேன். முன்னால் சாலை காலியாக இருக்கிறது. திட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை. இத்தனை வருஷம் காலையில் முதலில் பார்த்த முகம் அவளுடையது. எனக்கு அவள் ஞாபகம் வருகிறது, ரொம்ப வருகிறது, போதுமா?

பிள்ளைகள் கடந்து முடித்து டயரைப் பார்த்து, "தேங்க்ஸ்க்கா!" என்கிறார்கள். டயர் எங்கே பதில் சொல்லும்? கூப்பிட்ட பிள்ளைகளுக்குப் பதில் வராமல் போகலாமா? ஜன்னலில் தலையை நீட்டி நான்தான் சொல்கிறேன்:

"பாத்துப் போங்க!"